தாத்தா தொப்பிக்கு எந்தச் சிவப்பு?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. கிளினிக் திறக்கும் முன்பே ஓர் அம்மாவும் பாட்டியும் 5 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பாட்டிக்கு வார்த்தையே வரவில்லை. "டாக்டர், புள்ளைக்கு ரத்தமா போகுது..." என்று மட்டும் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

பையனோ என் மேஜை மேலிருந்த கல்வத்தை உருட்டிக்கொண்டு ஜாலியாக இருந்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், வலி இல்லை. காய்ச்சல் இல்லை. நாடி சீராக இருந்தது. "நாக்கை நீட்டுடா கண்ணா" என்றேன். நீட்டினான். வெற்றிலை போட்ட மாதிரி சிவப்பு!

"ஏம்மா, நேத்து என்ன சாப்பிட்டான்?"

அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். "குக்கீஸ்தான் டாக்டர். நானே வீட்ல செஞ்சது. மேல பட்டர் க்ரீம் வச்சு, கிறிஸ்துமஸ் தாத்தா முகம் போட்டிருந்தேன். அந்தச் சிவப்புத் தொப்பியை மட்டும் நக்கி நக்கியே ஏழெட்டு சாப்பிட்டுட்டான்."

சந்தேகம் வேண்டாமே என்று மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தம் இல்லை என்று முடிவு வந்தது. அத்தனையும் சாயம். எல்லாருக்கும் உயிர் வந்தது. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அந்தக் கலர் பாக்கெட்டைக் கொண்டு வாம்மா, பார்ப்போம்" என்றேன். கொண்டு வந்தார். வெறும் பாலிதீன் கவர், வாயில் ஒரு முடிச்சு. பெயர் இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. கடையில் சில்லறையாக மடித்துக் கொடுத்தது. அதைப் போட்டுச் செய்த குக்கீஸ் 60. அடுக்குமாடியில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பங்கு போயிருந்தது.

'சித்த வைத்தியருக்கும் கேக் க்ரீமுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. எந்தச் சரக்கின் நிறமும் சத்தும் நீரில் இறங்கும், எது எண்ணெயிலும் நெய்யிலும்தான் இறங்கும் என்பது எங்களுக்குக் குடிநீர் காய்ச்சும்போதும் தைலம் இறக்கும்போதும் கற்றுத்தந்த பாடம். பட்டர் க்ரீமுக்கு நிறம் கொடுப்பதும் அதே பாடம்தான்.

பிஸ்கட்டை நட்சத்திரமாக, மரமாக, தாத்தாவாக வெட்டி, மேலே வெண்ணெய் க்ரீம் தடவி அலங்கரிப்பது அமெரிக்க வீட்டு வழக்கம். நம் நெல்லை, தூத்துக்குடி பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும்தான். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் நான் கண்டதெல்லாம் அதுதான். இப்போது நம் வீடுகளிலும் ஓவன் வந்துவிட்டது, இந்தக் குக்கீஸும் வந்துவிட்டது. வந்தது வரட்டும், செய்வதைச் சரியாகச் செய்வோம்.

முதலில் க்ரீம். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், காய்ச்சி ஆறவைத்த பால் 1 டேபிள்ஸ்பூன், வெனிலா எசன்ஸ் சில சொட்டு. இவ்வளவுதான். சர்க்கரையை மிக்ஸியில் நைஸாகப் பொடித்து, 2 டீஸ்பூன் சோள மாவு கலந்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நாங்கள் சூரணத்துக்குச் செய்யும் வஸ்திரகாயம்தான் இது. சோம்பல்பட்டு விட்டுவிட்டால் க்ரீம் நறநறவென்று இருக்கும், கோனின் வாயும் அடைத்துக்கொள்ளும்.

வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது. விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. அந்தப் பதத்தில் 5 நிமிடம் அடித்தால் காற்று ஏறி வெளுத்துவரும். பிறகு சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்து அடியுங்கள். பால் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. சென்னையில் டிசம்பரிலும் சமையலறை சூடுதான். க்ரீம் தளர்ந்தால் இன்னும் சர்க்கரையைக் கொட்டாதீர்கள். பாத்திரத்தை 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து மறுபடி அடியுங்கள்.

எந்த வெண்ணெய் என்று கேட்டால் அதில்தான் சூட்சுமம். பசு வெண்ணெயில் கரோட்டின் இருப்பதால் இயல்பாகவே மஞ்சள் ஓடும். எருமை, தீவனத்தில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் வெண்ணெய் வெள்ளை வெளேர் என்று இருக்கும். தாத்தா தாடிக்கும், பனிக்கும், நீல நிறத்துக்கும் எருமை வெண்ணெய்தான் சரி. மஞ்சள் வெண்ணெயில் நீலத்தைப் போட்டால் பச்சையாகப் போய் நிற்கும்! வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால், மோர் வாடை போகும்வரை நாலைந்து தரம் குளிர்ந்த நீரில் கழுவிப் பிழிந்துவிடுங்கள்.

செலவு குறையட்டும் என்று வனஸ்பதியில் செய்கிறவர்கள் உண்டு. வெயிலிலும் உருகாது, பூ போட்டால் அப்படியே நிற்கும். பழைய முறை வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை ஏற்றும், நல்ல கொழுப்பை இறக்கும். அதனால்தான் அரசு அதன் அளவுக்கு 2021-ல் 3 சதவீதம் என்றும், 2022 முதல் 2 சதவீதம் என்றும் கடிவாளம் போட்டது. ஆண்டுக்கு ஒருமுறை செய்கிற பண்டத்துக்கு வெண்ணெயே போடுங்களேன்!

சரி, நிறத்துக்கு வருவோம்.

மஞ்சள் நெய்யில் கரையும் சாதி. 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெயை உருக்கி, கால் டீஸ்பூன் நல்ல மஞ்சள் தூளைப் போட்டு, சிறு தீயில் ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். தூள் அடியில் தங்கட்டும், மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, ஆறவைத்துச் சேருங்கள். நட்சத்திரத்துக்கு அருமையான நிறம். தூளாக அப்படியே கொட்டினால் புள்ளி புள்ளியாக நிற்கும், குழம்பு வாசனையும் வரும். சோடா உப்பு பட்ட ஸ்பூனை மட்டும் இதில் விடாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போல இதுவும் செம்மண் நிறமாகிவிடும்.

ஆரஞ்சுக்குக் கேரட். ஒன்றைத் துருவி, 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் சிறு தீயில் 10 நிமிடம் வதக்கி வடிகட்டினால் வெண்ணெயே ஆரஞ்சாக இறங்கும். அது மறுபடி உறைந்த பிறகுதான் க்ரீமில் சேர்க்க வேண்டும்.

பச்சை கொஞ்சம் வேலை வாங்கும், ஆனால் பலன் உண்டு. இரண்டு கை பாலக் கீரையைப் பச்சையாகவே துளி நீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். சாற்றை மெல்லிய சூட்டில் வைத்தால், கொதி வரும் முன்பே பச்சை மட்டும் திரிதிரியாகத் திரண்டு மேலே வரும். உடனே இறக்கித் துணியில் வடியுங்கள். தண்ணீர் போய்விடும், துணியில் தங்கும் பச்சை விழுதுதான் நிறம். கீரை வாடை அநேகமாகத் தெரியாது. 100 கிராம் க்ரீமுக்கு அரை டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். மரத்தின் அடிப்பகுதிக்குப் பழுப்பு வேண்டுமா? கோகோ இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம்.

நீலம்... இதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த வேடிக்கை. சங்குப்பூவின் இதழ்களை மட்டும் 15 எடுத்து, 1 டேபிள்ஸ்பூன் சுடுபாலில் ஊறவைத்துப் பிழிந்தால் நீலப் பால். இது நீரில் இறங்கும் நிறம். ஆகவே க்ரீமுக்கான பாலுக்குப் பதிலாக இதையே விடுங்கள், கூடுதலாக அல்ல. நீர் அதிகமானால் வெண்ணெய் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுப் பட்டால் ஊதாவாக மாறும். அமெரிக்க அரசு இந்தப் பூச்சாற்றை 2021-ல் உணவு நிறமாக ஏற்றது. ஒரு எச்சரிக்கை: சங்குப்பூச் செடியின் வேரும் விதையும் பேதி மருந்துச் சரக்கு. பூவோடு சேர்த்துக் காயைப் பறித்துப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாகச் சிவப்பு. எல்லாரும் தடுக்கி விழும் இடம். பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் நிறம் கூடும் என்று நினைப்பார்கள். அதன் சிவப்பு சூடு தாங்காது, காய்ச்சக் காய்ச்சப் பழுப்பு தட்டும். மெல்லிய வில்லைகளாகச் சீவி உலர்த்தி, பொடித்து, வஸ்திரகாயம் செய்து வைப்பதே வழி. நிழலில் உலர்த்துவது உத்தமம்தான், ஆனால் டிசம்பர் மழையில் நிழலில் போட்டால் பூஞ்சைதான் பிடிக்கும். ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, மொறுமொறு என்று ஆகும்வரை காயவிடுங்கள். 100 கிராம் க்ரீமுக்கு 1 டீஸ்பூன் பொடியைச் சொட்டுப் பாலில் குழைத்துச் சேர்த்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் நிறம் இன்னும் ஏறும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இதில் வருவது அழகான ரோஸ். கடைக் குக்கீஸில் பார்க்கிற ரத்தச் சிவப்பு வரவே வராது. முதலில் சொன்ன அந்த அம்மா, அடுத்த டிசம்பரில் இந்த முறையில் செய்து டப்பா நிறையக் கொண்டு வந்தார். "தாத்தா தொப்பி சாயம் போயிடுச்சான்னு பசங்க கேலி பண்றாங்க டாக்டர்" என்றார். "கேலிதானே, பண்ணட்டும்" என்றேன்.

வெண்ணெயில் நல்ல சிவப்பு வேண்டுமென்று வேம்பாளம் பட்டையை நாடாதீர்கள். எண்ணெயில் போட்டதும் செக்கச்செவேல் என்று இறங்கும் என்பது உண்மை. கூந்தல் தைலத்துக்கு நாங்களே போடுகிறோம். ஆனால் அந்தச் செடிக் குடும்பத்தில் கல்லீரலுக்கு ஆகாத சத்துகள் உண்டு. அது தலைக்கு மேலேயே இருக்கட்டும், பிள்ளைகளின் வாய்க்கு வேண்டாம்.

கடைக் கலர் போட்டே தீருவேன் என்றால்? நம் நாட்டில் உணவுக்கு அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் 8. கேக், பிஸ்கட் வகைகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. மேலே சொன்ன அளவு க்ரீம் சுமார் 300 கிராம் வரும். கணக்குப்படி அதற்கு 30 மில்லிகிராம் சாயம். ஓர் அரிசி மணியே ஏறக்குறைய 20 மில்லிகிராம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கையால் கிள்ளிப் போடுகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? சீல் பிரிக்காத பாட்டிலில், உரிம எண்ணும் நிறத்தின் பெயரும் அச்சாகியிருந்தால் மட்டும் வாங்குங்கள். குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள்.

முடிச்சுப் போட்ட கவர் மட்டும் கூடவே கூடாது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருந்ததைக் கண்டுபிடித்துத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் அதை விற்கவே தடை போட்டதே, நினைவிருக்கிறதா? மடித்துக் கொடுக்கிற பொடி எந்தச் சாயம் என்று விற்பவருக்கே தெரியாது. அனுமதி பெற்ற நிறங்களிலும் சிலவற்றைச் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. 2007-ல் இங்கிலாந்தில், டார்ட்ரஸின், கார்மோய்சின் உள்ளிட்ட நிறங்களை ஒரு பதப்படுத்தும் பொருளோடு கலந்து பிள்ளைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். சிலரிடம் துறுதுறுப்பு கூடியது தெரிந்தது. ஐரோப்பாவில் 2010 முதல் அந்த வகைப் பண்டங்களின் மேல் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள்.

நிறம் இயற்கை என்பதற்காகச் சர்க்கரை குறைந்துவிடாது. 30 குக்கீஸுக்கு இந்த க்ரீமைப் பங்கிட்டால் ஒன்றின் மேல் 6, 7 கிராம் சர்க்கரை உட்கார்ந்திருக்கும். நான்கு தின்றால் 25 கிராமைத் தாண்டும். ஒரு நாளுக்கு அதற்குள் இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டுக்குள் இருப்பது தனிக்கணக்கு. எனவே முழுக்க மெழுகாமல் ஓரத்தில் கோடும் நடுவில் புள்ளியுமாகப் போடுங்கள். மெகந்தி கோன் மாதிரி பட்டர் பேப்பரைச் சுருட்டி, நுனியை ஊசியளவு வெட்டிக்கொண்டால் போதும். குக்கீஸ் முழுக்க ஆறிய பிறகுதான் க்ரீம், இல்லாவிட்டால் வழிந்து ஓடும். நீரிழிவுக்காரர்களுக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் க்ரீம் வைக்காததைத் தனியே எடுத்துவையுங்கள். மார்கழிப் பனியில் சளி கட்டிய பிள்ளைக்கும் அன்றைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். இனிப்பும் வெண்ணெயும் கபத்தை ஏற்றும் என்பது எங்கள் கணக்கு.

கீரை, பீட்ரூட், சங்குப்பூ நிறங்கள் சேர்த்த க்ரீமை ஃப்ரிட்ஜில் வைத்து 2, 3 நாளில் தீர்த்துவிடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் அலங்காரமாக வைத்தால் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துவிடும்.

பீட்ரூட் க்ரீம் தின்றாலும் மறுநாள் மலமோ சிறுநீரோ சிவந்து போகலாம். ஓரிரு நாளில் தானே சரியாகும். அதற்கு மேல் நீடித்தாலோ, தார் போலக் கறுத்துப் போனாலோ, வயிற்று வலி, காய்ச்சல், சோர்வு சேர்ந்தாலோ 'எல்லாம் க்ரீம்தான்' என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் போங்கள். பக்கத்து வீடுகளுக்கு டப்பா கொடுத்தனுப்பும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முக்கியமாக அந்த வீட்டுப் பாட்டியிடம்.