புறக்கடை வேளாண்மை

மதுரை மாநகருக்குப் புறத்தே இருந்த ஆயர் குடியிருப்பில் கோவலனும் கண்ணகியும் தங்கியதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அடைக்கலம் தந்த மாதரி, கண்ணகி சமைப்பதற்காகப் பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, பால் ஆகியவற்றைக் கொடுத்தாள் என இளங்கோவடிகள் பட்டியலிடுகிறார். வந்த விருந்தினர்க்கு உடனே எடுத்து வழங்கும் அளவிற்கு உணவுப்பொருள்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன என்பதை இதனால் அறியலாம். பரிபாடல் திரட்டிலுள்ள பாடலொன்று, வஞ்சியும் உறையூரும் கோழி கூவத் துயிலெழுகின்றன என்றும், மதுரையோ மறையோதும் ஒலி கேட்டு எழுகிறது என்றும் பெருமை பேசுகிறது. சேர, சோழர் தலைநகரங்களிலும் கோழி கூவும் ஒலி இயல்பாய் இருந்தது என்பது அப்பெருமைக்குள் பொதிந்துள்ள செய்தியாகும்.

தோட்டமும் கோழியும் கொண்ட வீடு தமிழர்க்குப் புதியதன்று. அவ்வீடு எவ்வாறு இயங்கியது என்பதையும், இன்று அதனை மீட்டெடுப்பதில் உள்ள பயன்களையும் இடர்களையும் இப்பாடத்தில் காண்போம்.

கழிவே உரமாகும் சுழற்சி

முன்னே திண்ணை, பின்னே புறக்கடை என்பது மதுரையைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களின் பழைய வீட்டமைப்பு. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் பாய்ந்தது. அரிசி புடைத்த குருணையும் காய்கறித் தோலும் கோழிக்கு உணவாயின. கோழி எச்சமும் அடுப்புச் சாம்பலும் உதிர்ந்த இலைகளும் குப்பைக்குழியில் மட்கி உரமாயின. அவ்வுரத்தில் விளைந்த கீரை மீண்டும் அடுக்களைக்கு வந்தது. வீட்டிலிருந்து வெளியே எறியத்தக்க பொருள் என ஏறத்தாழ எதுவும் இல்லை.

இச்சுழற்சியில் கோழியின் பங்கு பெரிது. கரையான், வெட்டுக்கிளி, புழு ஆகியவற்றைத் தின்று அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கிறது, மண்ணைக் கிளறிவிடுகிறது. அதன் எச்சத்தில் தழைச்சத்து, மாட்டுச் சாணத்தில் உள்ளதைவிட மிகுதி. அதனாலேயே அதனைப் பச்சையாகச் செடிக்கு இடுதல் கூடாது, வேர் கருகிவிடும். காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றுடன் கலந்து, சில மாதங்கள் மட்கவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013), கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிப் பின்னர் அப்பணியைத் துறந்தவர். வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கும் இடுபொருள்கள் பெருகப் பெருக உழவர் கடனாளியாகிறார் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார். வீட்டுத் தோட்டத்திற்கும் இக்கருத்து பொருந்தும். கடையில் வாங்கிய மண், கடையில் வாங்கிய உரம், கடையில் வாங்கிய தீவனம் ஆகியவற்றால் மட்டுமே நடக்கும் தோட்டம், கடைக்காய்களைவிட விலை மிகுந்த காய்களையே தரும்.

மண்ணும் மழையும்

மதுரைச் சமவெளியில் பெரும்பகுதி செம்மண் நிலம்; திருமங்கலம், பேரையூர்ப் பகுதிகளில் கரிசல் மண் உண்டு; வையைக் கரையோரம் வண்டல் படிந்துள்ளது. செம்மண் நீரை விரைவில் இழந்துவிடும். ஆதலால் மட்கிய உரம் இடுவதும், செடியின் அடியில் சருகுகளைப் பரப்பி மூடாக்கு இடுவதும் இங்கே இன்றியமையாதன. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடும் நிலத்தில் மூடாக்கு இல்லாத பாத்தி, காலையில் ஊற்றிய நீரை மாலைக்குள் இழந்துவிடும்.

மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் மிகுதியான பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. 50 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரையின்மீது இம்மழை முழுவதும் விழுந்தால் அது 42,500 லிட்டர் நீராகும். தமிழகத்தில் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அந்நீரை நிலத்தடிக்கு அனுப்பும் வீட்டிற்கே தோட்டம் வைக்கும் தகுதி முதலில் உண்டு எனலாம்.

ஆடிப்பட்டத்தில் அவரை, புடலை, பீர்க்கு, கத்தரி, வெண்டை ஆகியவற்றை விதைக்கலாம். முருங்கையும் பப்பாளியும் கோழிக்கு நிழலும் தரும். பூச்சித் தாக்குதலுக்கு, 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கும் முறை எளியது.

கோழியின் கணக்கு

உலகெங்கும் வளர்க்கப்படும் கோழியின் முதன்மை மூதாதை, தென்கிழக்கு ஆசியப் பகுதியின் செந்நிறக் காட்டுக்கோழி ஆகும். எனினும், கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகின் கோழிக்கூடுகளில் நம் மலைக்காடுகளின் பங்கும் உள்ளது.

நாட்டுக்கோழி பத்து முதல் பதினைந்து முட்டைகள் இட்டபின் அடைகாக்கத் தொடங்கும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பின்னர்ச் சில வாரங்கள் குஞ்சுகளைப் பேணும். எனவே ஆண்டுக்கு அறுபது முட்டை என்பதே ஒரு பெட்டைக்கோழியிடம் நாம் எதிர்பார்க்கத்தக்க அளவு. ஐந்து கோழிகள் முந்நூறு முட்டைகள் தரும். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவருக்கு 75 முட்டை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஆண்டுக்கு 180 முட்டைகளைப் பரிந்துரைக்கிறது. புறக்கடைக் கோழி அத்தேவையில் பாதியைக்கூட நிறைவு செய்யாது. குஞ்சுக்காக அடைவைத்தால் மேலும் குறையும். இதனை அறிந்து தொடங்குவோர் ஏமாற்றம் அடையார்.

குஞ்சுகளைப் பருந்தும் கீரியும் கவராதிருக்கப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பர். பானையில் ஈரமான வைக்கோலும் சாணமும் இட்டு, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்து, விடியலில் சேர்ந்திருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்கு இரையாகத் தருவதும் உண்டு.

கோழிக்கூட்டத்தையே சில நாள்களில் அழிக்க வல்லது வெள்ளைக்கழிச்சல் நோய். இந்தியாவில் ராணிக்கேத் என்னும் ஊரில் முதலில் கண்டறியப்பட்டமையால் ராணிக்கேத் நோய் எனவும் பெயர் பெற்றது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் அளிப்பது இதனைத் தடுக்கும். இயற்கைமுறை வளர்ப்பு என்பது தடுப்பூசியை மறுப்பதன்று. நோயில்லாத கோழிக்கும் வளர்ச்சிக்காக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தூட்டும் வழக்கத்தையே அது மறுக்கிறது. மனிதர்க்கு இறுதிக்கட்ட மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினைக் கோழி முதலிய உணவு விலங்குகளுக்குத் தருவதை இந்திய அரசு 2019இல் தடைசெய்தமை, இவ்வழக்கத்தின் தீமையை உணர்த்தும்.

சிறுவாடும் கூட்டுறவும்

புறக்கடை பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருந்தது. முட்டையும் கோழியும் விற்ற பணம் அவர்களின் சிறுவாடாயிற்று. நிலம் ஆடவர் பெயரில் இருந்த குடும்பத்திலும், பள்ளிக்குரிய செலவிற்கோ திடீரென வந்த மருத்துவச் செலவிற்கோ எவரிடமும் கேளாமல் எடுத்துத் தர ஒரு பெண்ணுக்கு அச்சிறுவாடு உரிமை தந்தது. கோழி இல்லாதவர்க்குக் கோழியை வாரத்திற்கு விட்டு, குஞ்சுகளைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இருந்தது. ஒருத்தியின் செல்வம் மற்றொருத்தியின் முதலீடாயிற்று.

இன்று புறக்கடையை மீட்கும் குடும்பங்கள் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும். கூடு கழுவுவதும் நீர் ஊற்றுவதும் அம்மாவின் கூடுதல் பணியாகிவிட்டால், அத்தோட்டம் அவருக்குச் சுமையே. வேலையும் வருவாயும் பகிரப்படும்போதுதான் அது குடும்பத்தின் தோட்டமாகும்.

நகரத்தில் இயலுமா?

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது, அங்கிருந்து பெற்றுவந்த எரிபொருளும் உரமும் குறைந்தமையால் கியூபா உணவுத் தட்டுப்பாட்டில் சிக்கியது. தலைநகர் அவானாவின் வெற்று மனைகளில் மக்கள் காய்கறி பயிரிட்டனர். நெருக்கடியில் நகரமும் விளைவிக்கக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

மதுரையின் நெருங்கிய தெருக்களில் மாடித்தோட்டம் எளிது. கோழி வளர்ப்பு எளிதன்று. இடமும் காற்றோட்டமும் வேண்டும். நாற்றமும் கூவலும் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தலாகாது. கூட்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். நாற்றங்காலுக்கு வேலியிடாவிட்டால் கோழியே முதல் பகையாகும். இவை இயலாத குடும்பம், கீரையும் கறிவேப்பிலையும் மட்டும் வளர்த்து, எஞ்சியதை உழவர் சந்தையில் வாங்கலாம். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது மதுரை அண்ணா நகரில்தான்.

மாணவர்களே! உங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு வாரம் சேரும் கழிவை எடைபோட்டுப் பாருங்கள். அதில் எவ்வளவு குப்பைத் தொட்டிக்குச் செல்கிறது, எவ்வளவு மண்ணுக்குத் திரும்பக்கூடும் எனக் கணக்கிடுங்கள். புறக்கடை இருந்த காலத்தை அறிந்த மூத்தோரிடம் அக்கணக்கைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் கூறும் விடைகள் எழுதிவைக்கப்பட வேண்டியவை. கேட்பாரின்றி இருந்தால் அவர்களோடு மறைந்துவிடும்.