திருமணச் சான்றிதழ் இல்லாத இணைவாழ்வும் ஆஸ்திரேலிய விசாவும்

ஆஸ்திரேலியாவின் திறன்சார் குடிபெயர்வு விசாக்களான 189, 190, 491 ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்போர், மணம் செய்துகொண்ட கணவனையோ மனைவியையோ மட்டுமன்றி, மணம் செய்துகொள்ளாமலே தம்பதியராக வாழும் இணையரையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. இவ்வகை இணைவாழ்வு அச்சட்டத்தில் ‘டி ஃபாக்டோ’ உறவு எனப்படுகிறது. திருமணமானவர்கள் முதற்கண் காட்டுவதற்குச் சான்றிதழ் என்ற ஒரு தாள் இருக்கிறது. டி ஃபாக்டோ இணையர்களோ தங்கள் அன்றாட வாழ்க்கையின் பதிவுகளையே சான்றாகத் திரட்டிக் காட்ட வேண்டியிருப்பதால், உண்மையான உறவில் இருப்பவர்களும் போதிய ஆவணமின்றித் தடுமாற நேர்கிறது.

1958ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியக் குடிவரவுச் சட்டம் இவ்வுறவுக்குச் சில அடிப்படைகளை வகுத்திருக்கிறது. இருவரும் பிறரை விலக்கி ஒருவரோடொருவர் வாழ்வைப் பகிர்ந்துகொள்ளும் உறுதி பூண்டிருக்க வேண்டும். உறவு உண்மையானதாகவும் தொடர்ந்து நிலவுவதாகவும் இருக்க வேண்டும். இருவரும் ஒன்றாக வாழ வேண்டும், அல்லது நிலையாகப் பிரிந்து வாழாதவர்களாக இருக்க வேண்டும். இருவரும் பெற்றோர்-பிள்ளை போன்ற நேர்வழி உறவினராகவோ உடன்பிறந்தவராகவோ இருத்தல் கூடாது. ஒருவருக்கு முந்தைய திருமணம் சட்டப்படி இன்னும் முறியாமல் இருந்தாலும், அது நடைமுறையில் முடிந்துவிட்டதெனக் காட்ட முடிந்தால், அதுவே புதிய உறவுக்குத் தடையாவதில்லை. 2009 முதல் ஒருபால் இணையர்களும் இதே வரையறைக்குள் வருகின்றனர்.

இவற்றோடு, 1994ஆம் ஆண்டின் குடிவரவு விதிமுறைகள் கால வரம்பு ஒன்றையும் விதிக்கின்றன. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு உடனடி முந்தைய 12 மாதங்களும் அவ்வுறவு நிலவியிருக்க வேண்டும் என்பதே அது. இங்கே பலரும் கணக்கில் தவறுகின்றனர். காதலித்துப் பழகிய காலமும் இணையம் வழியே மட்டும் உறவாடிய காலமும் இந்த 12 மாதங்களில் சேராமல் போகக்கூடும் என்பதால், தம்பதியராக வாழத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பானது. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து முதலிய மாநிலங்களின் சட்டப்படி உறவைப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இந்த 12 மாத நிபந்தனை பொருந்தாது. எனினும் பதிவு கால வரம்பை மட்டுமே நீக்குகிறது, உறவு உண்மையானது என்று நிறுவும் பொறுப்பை அது நீக்குவதில்லை.

உறவின் உண்மையை விசா அதிகாரி பணம், குடித்தனம், சமூக அங்கீகாரம், பரஸ்பர உறுதி என்னும் நான்கு கோணங்களில் ஆராய்கிறார். முதலாவதான பணம் தொடர்பில் ஜாயின்ட் அக்கவுன்ட் சிறந்த சான்றுதான் என்றாலும், கணக்கு இருப்பதைவிட அது எவ்வாறு புழங்குகிறது என்பதே கவனிக்கப்படுகிறது. விண்ணப்பத்துக்குச் சில வாரங்கள் முன்பு தொடங்கி, ஒரு தொகையைப் போட்டுவிட்டு அசையாமல் வைத்திருக்கும் கணக்கு எதையும் நிறுவுவதில்லை. இருவர் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் பணம் வந்து சேர்ந்து, அதிலிருந்து வாடகையும் மளிகையும் மின்கட்டணமும் செலுத்தப்பட்டிருக்கும் ஓராண்டு ஸ்டேட்மென்ட், ஒரு குடும்பத்தின் வரவுசெலவை அப்படியே எடுத்துக்காட்டிவிடும். காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் இணையரை நாமினியாகக் குறித்திருப்பதும், இருவர் பெயரிலும் கடன் அல்லது சொத்து இருப்பதும் இதற்கு வலுச் சேர்க்கும்.

குடித்தனம் என்னும் கோணத்தில், இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தமும், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்களும் பில்களும், வீட்டு வேலையையும் பிள்ளைகள் இருப்பின் அவர்கள் பொறுப்பையும் பகிர்ந்துகொள்ளும் விதம் பற்றிய விளக்கமும் கருதப்படுகின்றன. சமூக அங்கீகாரம் என்பது, உறவினரும் நண்பரும் இருவரையும் தம்பதியராகவே அறிந்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. சேர்ந்து சென்ற பயணங்கள், இருவர் பெயரிட்டு வந்த அழைப்பிதழ்கள், நன்கறிந்தவர்கள் தரும் உறுதிமொழிப் பத்திரங்கள் இவ்வகையில் அடங்கும். பரஸ்பர உறுதி என்பது உறவின் காலம், ஒருவருக்கொருவர் தரும் ஆதரவு, எதிர்காலத் திட்டம் ஆகியவற்றால் அளக்கப்படுகிறது. எப்போது சந்தித்தனர், எப்போது சேர்ந்து வாழ முடிவெடுத்தனர், எந்தெந்தக் காலத்தில் ஏன் பிரிந்திருந்தனர் என்பவற்றை இருவரும் தனித்தனியே எழுதித் தரும் வாக்குமூலம் இதில் முதன்மை பெறுகிறது.

வேலை நிமித்தம் ஒருவர் சென்னையிலும் மற்றவர் மெல்போர்னிலும் இருக்க நேர்ந்தால் உறவு செல்லாததாகிவிடுமோ என்ற அச்சம் தேவையற்றது. இருவரும் ஏற்கெனவே ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தின் வாசகத்தில் இல்லை என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் பிரிவு தற்காலிகமானதே என்பதையும் அக்காலத்திலும் உறவு தொடர்ந்தது என்பதையும் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்பதால், தொலைபேசி அழைப்புப் பதிவுகளும் பயணச் சீட்டுகளும் பணப் பரிமாற்றங்களும் கால வரிசைப்படி பாதுகாக்கப்பட வேண்டியவை.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் இணையர்களுக்குத் தனியான இடர்ப்பாடுகள் உள்ளன. மணமாகாதவர்களுக்கு வீடு தர மறுக்கும் உரிமையாளர்கள் இருப்பதால் ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டும் இருப்பதும், பெற்றோர் அறியாமல் உறவு தொடர்வதால் குடும்பத்தின் சாட்சியம் கிடைக்காமல் போவதும் இங்கே இயல்பு. சட்டம் நான்கு கோணங்களையும் ஒருசேர எடைபோடுகிறதேயன்றி ஒன்றில் குறை கண்டவுடன் நிராகரிப்பதில்லை. ஆகவே, வாடகையில் பாதியை மாதந்தோறும் மற்றவருக்கு யுபிஐ வழியாக அனுப்பிய பதிவு, அதே முகவரிக்கு இருவர் பெயரிலும் வந்த பார்சல்களின் விவரம், நெருங்கிய நண்பர்களின் உறுதிமொழிகள் ஆகியவற்றைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்வதும், குடும்பத்துக்குத் தெரிவிக்காத காரணத்தை வாக்குமூலத்தில் மறைக்காமல் எழுதுவதும் பயன் தரும்.

உறவைப் பொய்யாகக் காட்டுவது எவ்வளவு தவறோ, உண்மையான உறவை மறைப்பதும் அவ்வளவு தவறு. இத்திறன்சார் விசாக்களுக்கான மதிப்பெண் முறையில், தனியாக இருப்பவருக்கு 10 மதிப்பெண் கிடைக்கிறது. வயது, ஆங்கிலம், தொழில் தகுதி ஆகிய நிபந்தனைகளை நிறைவு செய்யும் இணையர் இருந்தால் அதே 10 மதிப்பெண்ணும், இணையருக்கு உரிய அளவு ஆங்கிலத் தேர்ச்சி மட்டும் இருந்தால் 5 மதிப்பெண்ணும் கிடைக்கின்றன. குறைந்தபட்சத் தகுதியே 65 மதிப்பெண் என்றிருக்கையில், இணையரால் மதிப்பெண் எதுவும் கிடைக்காதவர்கள் தம்மைத் தனியர் என்று குறிப்பிடத் தூண்டப்படுகின்றனர். பொய்யான ஆவணமோ தவறான தகவலோ கண்டறியப்பட்டால், 4020 என்னும் எண்ணால் அறியப்படும் விதியின்படி விசா மறுக்கப்படுவதோடு, பெரும்பாலான பிற விசாக்களையும் 3 ஆண்டுகளுக்குப் பெற முடியாத நிலை உருவாகும். அன்று மறைத்த இணையரைப் பின்னாளில் அழைத்துக்கொள்ள முயலும்போது, அந்த மறைப்பே உறவின் உண்மைக்கு எதிரான சான்றாக நிற்கும்.

மொத்தத்தில் இச்சட்டம் கேட்பது, இருவர் சேர்ந்து வாழ்ந்தால் தானாகவே உண்டாகும் பில்களையும் ரசீதுகளையும் கடிதங்களையும்தான். விண்ணப்பிக்க அழைப்பு வந்த பின் 60 நாட்களே அவகாசம் உண்டு. ஓராண்டு வாழ்வின் சான்றுகளை அதற்குள் புதிதாக உருவாக்க இயலாது. ஆகவே இத்தகைய விசாவை எண்ணியிருப்போர், சேர்ந்து வாழத் தொடங்கும் மாதத்திலிருந்தே ஆவணங்களைத் தேதி வாரியாகச் சேமிக்கவும், எந்தப் படிவத்திலும் உறவு நிலையை உள்ளபடியே எழுதவும் வேண்டும்.