மூடும் நேரத்துப் பாதி விலை: ஜப்பான் கடைகளின் கணக்கு

பொழுது சாய்ந்ததும் பூக்கார அம்மாவிடம் முழம் பூவின் விலை இறங்குவதும், தெருவோரக் கடையில் மிச்சமிருக்கும் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. நாளைக்கு நிற்காத சரக்கு. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு போய்ச் சேர வேண்டும். இதே வேலையை ஜப்பான் நாட்டின் சூப்பர் மார்க்கெட்டுகள் நாள் தவறாமல், ஓர் ஒழுங்கு முறையாகச் செய்து வருகின்றன. அந்த முறையையும், அதையொட்டி எழுந்த ஒரு பெரிய வழக்கையும் நமது வணிகர்கள் அறிந்துகொள்வது பயனுள்ளது.

ஜப்பானிய சூப்பர் மார்க்கெட்டில் சமைத்த உணவுக்கென்றே தனிப் பகுதி உண்டு. சோறும் தொடுகறிகளும் அடுக்கிய பெந்தோ எனும் உணவுப் பெட்டி, சுஷி, பொரித்த இறால், உருளைக்கிழங்கு வடை, பச்சை மீன் துண்டுகளான சாஷிமி ஆகியவை அங்கே தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். பெரிய டிபார்ட்மெண்ட் கடைகளில் இதற்காகத் தரைக்குக் கீழே ஒரு தளமே இருக்கிறது. காலையிலும் பிற்பகலிலும் சமைத்து வைத்த இவை பெரும்பாலும் அன்றிரவோடு சரி. மறுநாள் விற்க முடியாது.

கடை மூடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே ஊழியர் ஒருவர் கையில் சிறு அச்சுக் கருவியுடனோ சீட்டுச் சுருளுடனோ வருவார். முதலில் 10 அல்லது 20 சதவீதம் தள்ளுபடிச் சீட்டு ஒட்டப்படும். ஒரு மணி நேரம் கழித்து 30 சதவீதம். கடைசிச் சுற்றில் பாதி விலை. இந்தப் பாதி விலைச் சீட்டுக்கு 'ஹன்காகு' என்று பெயர். பல கடைகளில் சீட்டிலேயே புதிய பட்டைக் குறியீடு அச்சாகியிருப்பதால் கல்லாவில் இருப்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை. கருவியைக் காட்டினால் குறைந்த விலை தானே விழுந்துவிடும்.

எந்த நேரத்தில் எந்தச் சீட்டு என்பதைப் பெரும்பாலான கடைகள் எழுதி ஒட்டுவதில்லை. மழை பெய்தால் கூட்டம் குறையும், சீட்டு சீக்கிரம் வரும். சம்பள நாளென்றால் தாமதமாகும். மூன்று தட்டுதான் மிச்சம் என்றால் பாதி விலைச் சுற்றே வராமல் போகலாம். பகுதிப் பொறுப்பாளரின் அனுபவமே இங்கு தராசு. ஆனால் வாடிக்கையாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். எந்தக் கடையில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு ஊழியர் கதவைத் திறந்துகொண்டு வருவார் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ரயிலிறங்கி வரும் அலுவலக ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வூதியம் பெறும் முதியவர் எனப் பலரும் சாஷிமி அலமாரியின் பக்கம் எதையோ தேடுவதுபோல நடந்துகொண்டிருப்பார்கள். சீட்டு ஒட்டுபவர் வந்ததும் அவர் பின்னாலேயே ஒரு வரிசை நகரும்.

இந்தப் போட்டியை வைத்தே 2008-ஆம் ஆண்டு 'பென்-தோ' என்ற நகைச்சுவை நாவல் வெளிவந்தது. பாதி விலை உணவுப் பெட்டிக்காக மாணவர்கள் கடைக்குள்ளேயே மல்யுத்தம் செய்வதுதான் கதை. 2011-இல் அது தொலைக்காட்சியில் சித்திரத் தொடராகவும் வந்தது. நிஜக் கடைகளில் அடிதடி இல்லை. வேறொரு தொல்லை உண்டு. முழு விலையில் இருக்கும்போதே பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி வந்து, பிறகு ஊழியரிடம் நீட்டி "இதற்கும் ஒட்டுங்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலமாரியில் உள்ளதற்கு மட்டுமே சீட்டு, கூடையில் உள்ளதற்குக் கிடையாது என்று அறிவிப்பு வைக்கும் நிலை சில கடைகளுக்கு வந்துவிட்டது.

இதில் கடைக்காரருக்கு என்ன லாபம்? சமைத்து அலமாரிக்கு வந்துவிட்ட பெட்டியின் அடக்கம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதைக் குப்பையில் போட்டால் கிடைப்பது சூன்யம். மேற்கொண்டு குப்பை அகற்றும் கட்டணம் வேறு. ஆகையால் அடக்கத்துக்குக் கீழே விற்றாலும் வந்தது வரவே. ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. பாதி விலைக்கு வாங்கியவர் அது இல்லாவிட்டால் முழு விலைக்கு வாங்கியிருப்பாரா, நாளை முதல் அவரும் எட்டு மணிக்குத்தான் வருவாரா என்பதையும் பார்க்க வேண்டும். சீட்டு வரும் நேரத்தைக் கடைகள் வெளியே சொல்லாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். எத்தனை சீட்டு ஒட்டினோம் என்ற எண்ணிக்கை வேறு எதையும்விட முக்கியமானது என்பது என் கருத்து. ஒரே பண்டத்துக்குத் தினமும் பாதி விலைச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தால், கோளாறு மாலையில் இல்லை, காலையில் போட்ட ஆர்டரில் இருக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். சூப்பர் மார்க்கெட்டுகள் தாராளமாகச் சீட்டு ஒட்டிவந்த அதே காலத்தில், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சிறு கடைகளில் அந்த வழக்கமே இல்லை. அந்தக் கடைகள் பெரும்பாலும் தலைமை நிறுவனத்தின் பெயரையும் சரக்கையும் பெற்றுத் தனி நபர்கள் நடத்துபவை. உணவுப் பெட்டிகள் நேரம் முடியும்வரை முழு விலையில் இருக்கும். நேரம் முடிந்ததும் அப்படியே குப்பைக்குப் போகும். கையில் இருக்கும் சரக்கு கடைக்காரருடையது, நட்டமும் அவருடையது. பிறகு ஏன் விலையைக் குறைக்கவில்லை?

விடை, தலைமை நிறுவனத்துக்குச் செலுத்தும் பங்கைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. மொத்த லாபத்தில் ஒரு பகுதி நிறுவனத்துக்கு. ஆனால் அந்த மொத்த லாபத்தைக் காணும்போது, விற்ற சரக்கின் அடக்கத்தை மட்டுமே கழிப்பார்கள். குப்பைக்குப் போன சரக்கின் அடக்கம் கடைக்காரர் தலையில்.

கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு. அடக்கம் 70 யென், விலை 100 யென். பங்கு சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 10 உருண்டைச் சோறு வாங்குகிறார். 8 விற்றது, 2 குப்பைக்குப் போனது. விற்பனை 800, விற்ற எட்டின் அடக்கம் 560, மொத்த லாபம் 240. நிறுவனத்துக்கு 120, கடைக்காரருக்கு 120. ஆனால் வீணான இரண்டின் அடக்கம் 140 அவருடையது. ஆக, அவருக்கு 20 யென் நட்டம். இப்போது அந்த இரண்டையும் பாதி விலைக்கு, தலா 50 யெனுக்கு விற்றதாகப் பார்ப்போம். விற்பனை 900, அடக்கம் 700, மொத்த லாபம் 200. இருவருக்கும் தலா 100. கடைக்காரரின் 20 யென் நட்டம் 100 யென் லாபமாக மாறுகிறது. நிறுவனத்தின் வரவோ 120-இலிருந்து 100-ஆகக் குறைகிறது. சரக்கு குப்பைக்குப் போனால் ஒருவருக்கு லாபம், விற்றால் மற்றவருக்கு லாபம்! கூலியும் மின்சாரமும் இதற்கு மேல் கடைக்காரர் தர வேண்டியவை.

2009 ஜூன் மாதத்தில் ஜப்பானின் நியாய வணிக ஆணையம், அந்நாட்டின் மிகப்பெரிய சிறுகடைத் தொடரான செவன் இலெவன் ஜப்பான் நிறுவனத்துக்கு எதிராக ஓர் உத்தரவு பிறப்பித்தது. நேரம் முடியப்போகும் உணவை விலை குறைத்து விற்கவிடாமல் கடைக்காரர்களைத் தடுப்பது, வலுவான நிலையில் இருப்பவர் அந்த வலுவைத் தவறாகப் பயன்படுத்துவதாகும், ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்பதே அதன் சாரம். அந்த உத்தரவையடுத்து, வீணாகும் உணவின் அடக்கத்தில் 15 சதவீதத்தைத் தானே ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. கடைக்காரர் சிலர் நீதிமன்றமும் சென்றனர். 2013-இல் தோக்கியோ உயர் நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு தரும்படி தீர்ப்பளித்தது. தன் பணத்தில் வாங்கிய சரக்குக்கு விலை வைக்கும் உரிமை யாருடையது என்பதே அந்த வழக்குகளின் அடிநாதம்.

காலம் மாறியிருக்கிறது. 2019-இல் உணவு வீணாவதைக் குறைக்கவென்றே ஜப்பானில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு அளவில் பாதியாக 2030-க்குள் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. 2022 நிதியாண்டில் உண்ணத்தக்க நிலையில் வீணான உணவு 47 லட்சம் டன் என்று அரசு கணக்கிட்டது. இலக்கு முன்கூட்டியே எட்டப்பட்டுவிட்டது. அதில் ஏறத்தாழ பாதி வீடுகளில் வீணானது. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். 2021-இல் அரசும் சிறுகடை நிறுவனங்களும் சேர்ந்து, 'முன்னால் இருப்பதை எடுங்கள்' என்ற பிரசாரத்தைத் தொடங்கின. அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டுப் புதிய தேதியைத் தேடும் பழக்கத்துக்கு எதிரான பிரசாரம் அது. 2024-இல், முன்பு உத்தரவுக்கு ஆளான அதே நிறுவனம் நேரம் நெருங்கும் உணவுக்கு விலைக் குறைப்புச் சீட்டு ஒட்டும் திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தது.

ஜப்பானியப் பொட்டலங்களில் இரு வகைத் தேதிகள் உண்டு. ஒன்று, அதற்குப் பின் உண்ணக் கூடாது என்பது. பெந்தோ, சாஷிமி போன்றவற்றுக்கு உரியது. மற்றது, அதுவரை சுவை குன்றாது என்பது. பிஸ்கட்டு, டப்பா உணவு, நூடுல்ஸ் போன்றவற்றுக்கு உரியது. பாதி விலைச் சீட்டு முதல் வகையில் தேதிக்கு முன்பே ஒட்டப்படுகிறது, தேதிக்குப் பின் அல்ல. மலிவு என்றால் கெட்டது என்று பொருளில்லை என்ற நம்பிக்கை வாடிக்கையாளருக்கு இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் வகைச் சரக்குக்கு அங்கே 'மூன்றில் ஒரு பங்கு' என்றொரு வணிக வழக்கம் இருந்துவருகிறது. தயாரித்த நாளிலிருந்து தேதி முடியும் நாள்வரை உள்ள காலத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பங்குக்குள் மொத்த வியாபாரி கடைக்குச் சரக்கைச் சேர்த்துவிட வேண்டும். ஆறு மாதச் சரக்கென்றால் இரண்டு மாதம். ஒரு நாள் தாமதமானாலும் கடை திருப்பி அனுப்பலாம். இது சட்டமல்ல, வெறும் வழக்கம்தான். ஆனாலும் மொத்த வியாபாரியை மிகவும் வாட்டியது. 2012 முதல் இதைப் பாதிக் காலமாகத் தளர்த்தும் முயற்சி நடந்துவருகிறது. கடைக்கு வந்த பிறகு ஒட்டும் சீட்டைப் பற்றி ஊரே பேசுகிறது; கிடங்கிலிருந்து திரும்பும் இந்தச் சரக்கைப் பற்றிப் பேசுவார் குறைவு.

நம் கடைகளில் சமைத்த உணவின் விற்பனை வேறு விதம். ஆயினும் ரொட்டி, பால் பொருட்கள், மாவுப் பாக்கெட்டு விற்போர் பலரும் விலைக் குறைப்புச் சீட்டு ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். ஒட்டலாம். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைக் கூட்டுவதற்குச் சீட்டு ஒட்டக் கூடாது, குறைப்பதற்கு ஒட்டலாம். அப்படி ஒட்டும் சீட்டு, தயாரிப்பாளர் அச்சிட்ட பழைய விலையை மறைக்கக் கூடாது. தேதி முடிந்த உணவுப் பொருளுக்கோ எந்தச் சீட்டும் உதவாது. அதை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே, விற்பனைக்கு அல்ல என்று எழுதி வைத்துவிட வேண்டும்.