மே மாதத்துத் தொட்டி

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைவாசஸ்தலங்களில் காட்டேஜ் கட்டுவோர் ஆளுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்று கேட்பதுண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1172 விதித்தொகுப்பு, விடுதிப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று இதற்கு விடை தந்துவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் செலவாவது அதில் சில லிட்டரே என்றாலும், எல்லாம் ஒரே குழாயில் வருவதால் முழு அளவும் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும்.

சிக்கல் சராசரியில் இருக்கிறது. பத்துப் படுக்கைகளுக்கு 1,800 லிட்டர், அதாவது மணிக்கு 75 லிட்டர் என்று வகுத்துக்கொண்டு குழாய் பதிப்பவர், கல்யாண வீட்டு முதல் பந்திக்கு வழக்கமான வீட்டுச் சாப்பாட்டை வைத்து உலையேற்றுபவருக்கு ஒப்பானவர். காலை ஏழு மணிக்குப் பத்துப் பேரும் ஆளுக்கு இரண்டு வாளி வெந்நீரில் குளித்தால், அந்த ஒரு மணி நேரத்திலேயே 400 லிட்டர் போய்விடும். உச்சத் தேவை சராசரியைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும் உச்சக் காரணி, பெருநகரங்களுக்கு 2 என்றும் சிற்றூர்களுக்கு 3 என்றும் கொள்ளப்படுகிறது. இங்கோ அது ஐந்தைத் தாண்டுகிறது. ஆட்கள் குறையக் குறைய, ஒருவர் குளிக்கும் நேரத்தில் இன்னொருவர் தூங்கி அதை ஈடுகட்டும் வாய்ப்பும் குறைவதே இதற்குக் காரணம்.

ஆகவே பெரிய தொட்டி கட்டுகிறார்கள். அங்கே வேறொரு தொல்லை முளைக்கிறது. மே மாதக் கூட்டத்துக்கென இரண்டு நாள் தேவைக்குக் கட்டிய 3,600 லிட்டர்த் தொட்டி, ஆளில்லாத காலத்தில் காவலாளி குடும்பம் நாளுக்கு 200 லிட்டர் எடுத்தால் தீரப் பதினெட்டு நாளாகும். அதற்குள், குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் பெரும்பாலும் கரைந்துவிடும். விருந்தினர் வருமுன் தொட்டியைக் கழுவச் சொல்லும் உரிமையாளர்கள் இந்தக் குடும்பத்தின் குடிநீரைப் பற்றி நினைப்பதே அரிது. தொட்டியை இரண்டாகப் பிரித்து, இடையே வால்வு வைத்து, கூட்டமில்லாத மாதங்களில் ஒன்றை மூடிவிட்டால் போதும், செலவும் அதிகமில்லை.

ஓடையையோ ஊற்றையோ நம்பியிருப்பவர்கள் மழை முடிந்த டிசம்பரில் நீர்வரத்தை அளந்து ஏமாறாமல், வறண்ட மார்ச் கடைசியில் ஒரு வாளியும் கடிகாரமுமாகப் போய் அளக்க வேண்டும். இருபது லிட்டர் வாளி நிரம்பப் பதினாறு நிமிடம் ஆனால் அன்றைய வரத்து 1,800 லிட்டர்; கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கும், கீழே அதே ஓடையில் குடம் வைக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைக் கணக்கில் சேர்க்காதவரை.