கணினிக் கோப்புகளும் காப்புப் பிரதிகளும்

நம் முன்னோர் ஓலைச் சுவடியைச் செல்லரிக்கும் முன்னரே புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தனர். அவ்வாறு படியெடுக்கப் பெறாத நூல்கள் பல மறைந்தொழிந்தன. இன்று சங்கக் கணக்குகளும் கணினியில் ஏறிவருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சங்கக் கோப்புகளைச் சங்கம் காக்கும். கடையநல்லூர் நெசவாளரின் கூலிக் கணக்கையும், சேலைக் கரை டிசைனையும், புளியங்குடி எலுமிச்சை விவசாயியின் விற்பனைப் பட்டியலையும் அவரவரே காத்தல் வேண்டும்.

"கூகுள் டிரைவில் இட்டுவிட்டேன், போனிலும் தெரிகிறது, கணினியிலும் தெரிகிறது, இனிக் கவலையில்லை" என்பர் சிலர். இஃது ஒத்திசைவேயன்றிக் காப்பு ஆகாது. ஒத்திசைவு கண்ணாடி போன்றது. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரியே தெரியும். ஓரிடத்தில் அழித்த கோப்பு மற்றெல்லா இடத்தும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் அது 30 நாள் கிடக்கும். அதன்பின் தானே நீங்கிவிடும். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அவ்வாறு பூட்டப்பட்ட கோப்பையும் ஒத்திசைவு எங்கும் கொண்டு சேர்த்துவிடும்.

ஆகவே மூன்று பிரதிகள் தேவை. முதலாவது, கணினியில் அன்றாடம் புழங்குவது. இரண்டாவது, வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரந்தோறும் கூலி பெறும் நாளன்று எடுப்பது. எடுத்தவுடன் இணைப்பைக் கழற்றிவிடுக. கழற்றிய டிஸ்க்கை நச்சுநிரல் தீண்டாது. மூன்றாவது, வேற்றூரில் இருப்பது. உறவினர் வீட்டில் மற்றொரு டிஸ்க்காகவோ, இணையக் கிடங்கில் ஒத்திசைவில் சேராது நாள் குறித்த தனிக் கோப்புறையாகவோ அமையலாம்.

வேற்றூர் எதற்கு எனலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டது. நீரும் நெருப்பும் முன்னறிவித்து வருவதில்லை. ஒரே வீட்டில் உள்ள பிரதிகள் ஒருங்கே அழியும்.

இறுதியாக, மீட்டுப் பார்க்காத பிரதி முளைப்புத்திறன் சோதிக்காத விதையை ஒக்கும். மூன்று மாதத்திற்கொரு முறை, வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறவாத கோப்பு இருந்தும் இல்லாததே. கூலி நிலுவை குறித்து வழக்கெழும் நாளில் உழைப்பாளிக்குச் சாட்சி அவனது கணக்கு ஒன்றே.