பூமியின் தெர்மோஸ்டாட் ரொம்ப ஸ்லோ!

"பூமியோட காலநிலை எப்பவுமே மாறிக்கிட்டுதானே இருக்கு? இப்ப மட்டும் எதுக்கு இவ்வளவு பயம்?" இந்தக் கேள்வியை வாட்ஸ்அப்பிலோ கேன்டீனிலோ கண்டிப்பா கேட்டிருப்பீங்க. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்ப்போம்.

சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமத்திய ரேகைப் பகுதி வரைக்கும் பனி பரவியிருந்தது. இதை விஞ்ஞானிகள் 'பனிப்பந்து பூமி' என்கிறார்கள். நேர்மாறாக, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அண்டார்டிகாவிலேயே காடுகள் இருந்தன! ஆக, மாற்றம் புதுசு இல்லை.

அப்போ பூமி ஒவ்வொரு தடவையும் எப்படி மீண்டு வந்தது? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிச்ச நெகட்டிவ் ஃபீட்பேக் ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதேதான். எரிமலைகள் விடும் கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து லேசான அமிலமாகி, பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்குது. கரைந்தது ஆறு வழியாகக் கடலுக்குப் போய், கடல் உயிர்களின் ஓடாகி, கடைசியில் சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. சூடு கூடினால் மழையும் அரிப்பும் கூடும், காற்றிலுள்ள கார்பன் குறையும், பூமி குளிரும். ரொம்பக் குளிர்ந்தால் அரிப்பு குறைந்து, எரிமலை வாயு சேர்ந்து மறுபடி சூடாகும். பனிப்பந்து உருகியதும் இப்படித்தான்.

அந்தச் சுண்ணாம்புக்கல்லை நேரில் பார்க்கணுமா? அரியலூருக்குப் போங்க. டைனோசர் காலத்தில் அந்தப் பகுதி கடல். இன்னைக்கும் அங்கே கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்குது. பூமி மெதுவாகப் பூட்டி வெச்ச அந்தக் கார்பனைத்தான் நாம சிமென்ட் சூளையில் சுட்டு, திரும்பவும் காற்றில் விடுறோம்.

பிரச்சினை எங்கே? இந்த சிஸ்டத்தின் ரெஸ்பான்ஸ் டைம் லட்சக்கணக்கான ஆண்டுகள். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், சில ஆயிரம் ஆண்டுகளில் ஏராளமான கார்பன் காற்றில் கலந்தது. பூமியின் சராசரி வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் ஏறிடுச்சு. ஆழ்கடல் அடியில் வாழ்ந்த ஒருசெல் உயிரினங்கள் பல அழிந்தன. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆச்சு.

இப்போ நம்ம கணக்கு. அண்டார்டிகா பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் கடந்த 8 லட்சம் ஆண்டு வரலாற்றைச் சொல்லுது. அந்தக் காலம் முழுக்க கார்பன் டை ஆக்சைடு 180-லிருந்து 300 பிபிஎம்முக்குள்தான் இருந்தது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது அது சுமார் 80 பிபிஎம் ஏறியது. அதுக்கே 6,000 ஆண்டுகளுக்கு மேல் ஆச்சு. நாம 1960-க்குப் பிறகு மட்டும் 100 பிபிஎம்முக்கு மேல் ஏத்திட்டோம்! இப்போது அளவு 420-ஐத் தாண்டிடுச்சு.

பூமி இதையும் சமாளிக்கும், சந்தேகமே இல்லை. ஆனா அது எடுத்துக்கும் நேரம் நமக்குக் கிடையாது. விவசாயம், ஊர்கள், துறைமுகங்கள் எல்லாமே, காலநிலை பெரிசா மாறாத கடந்த 10,000 ஆண்டுகளில் வந்தவை.

அதனால அடுத்த தடவை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டா, "மாறும்தான், ஆனா எவ்வளவு வேகத்தில்?"னு திருப்பிக் கேளுங்க. சிவில் நண்பர்களே, ஃப்ளை ஆஷும் ஸ்லாக்கும் கலந்து சிமென்டில் கிளிங்கரைக் குறைப்பது ஒரு நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். யோசிச்சுப் பாருங்க!