பெயரைப் பார்த்து வாங்காதீங்க... ஆளைப் பார்த்து வாங்குங்க!

'ஆர்கானிக் தக்காளி', 'நாட்டு முட்டை', 'மரச்செக்கு எண்ணெய்', 'ஹோம்மேட் கேக்'... எந்தத் தெருவில் திரும்பினாலும் இந்தப் பலகைகள்தான். விலையைக் கேட்டால் லேசாகத் தலை சுற்றும். இருந்தாலும், 'குழந்தைங்க சாப்பிடறது, நல்லதா இருந்தா சரி' என்று பர்ஸைத் திறந்து விடுகிறோம்.

நல்ல எண்ணம்தான். ஆனால், ஒரு நிமிஷம்! கூடுதலாகக் கொடுக்கிற அந்தப் பணம் எதற்குப் போகிறது? பலகையில் எழுதியிருக்கிற வார்த்தைக்கா, இல்லை, ஒரு விவசாயி வயலில் பட்ட பாட்டுக்கா? பாட்டுக்குப் போனால் சந்தோஷம். வெறும் வார்த்தைக்குப் போனால் உங்கள் காசு நஷ்டம். அதைவிட மோசம், நிஜமாகவே மருந்து அடிக்காமல் விளைவித்த சிறு விவசாயியின் சரக்கு விற்காமல் வாடிப்போகும். பொய் சொல்கிறவர் அவரைவிட மலிவாக விற்க முடியுமே!

இதைக் கண்டுபிடிக்க லேபரட்டரிக்குப் போக வேண்டாம். நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

நேரடி வேறு... இயற்கை வேறு!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ம் தேதி முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயி தன் காய்கறியைத் தானே கொண்டுவந்து விற்கிறார். நடுவில் தரகர் கிடையாது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அவருக்கு மொத்த மார்க்கெட்டைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், நமக்கும் கடையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

காலையில் பறித்த காய், நியாயமான விலை. சரி. ஆனால், அதில் பூச்சிமருந்து அடிக்கவில்லை என்று உழவர் சந்தையில் யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. விவசாயியிடம் நேரடியாக வாங்கினாலே அது இயற்கை விளைச்சல் என்று நினைத்துக்கொள்வது நாமாகச் செய்கிற தப்பு.

அப்படியானால் என்ன லாபம்? விளைவித்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் லாபம்! "அண்ணே, கத்தரிக்காய்க்குக் கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும், அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் காயைப் பறிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைப்பிடிக்கிற விவசாயி தயங்காமல் பதில் சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கிற மருந்து ஓரளவு போகும். செடி உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டது உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. அதனால்தான் கழுவுவதோடு கேள்வி கேட்பதும் முக்கியம்.

முத்திரை இல்லாவிட்டால் பொய்யா?

பாக்கெட்டில் அடைத்துக் கடையில் விற்கிற பொருளில் 'ஆர்கானிக்' என்று போட வேண்டுமானால், அரசு அங்கீகரித்த சான்றிதழும் முத்திரையும் வேண்டும். இதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. அதனால் பாக்கெட் வாங்கினால் முத்திரையைத் தேடுங்கள்.

ஆனால், சிறு விவசாயி தன் விளைச்சலைத் தானே நேரடியாக நமக்கு விற்றால் அவருக்கு அந்த விதிகளில் விலக்கு உண்டு. சான்றிதழ் வாங்கச் செலவும் அலைச்சலும் ஆகும். அரை ஏக்கர் கீரைக்காரர் அதற்கு எங்கே போவார்? 'பி.ஜி.எஸ்.' என்று இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரே பகுதியைச் சேர்ந்த ஐந்து விவசாயிகளாவது குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்கிற முறை இது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். ரசாயனத்தை இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கே நிலம் இயற்கை நிலம் ஆகிவிடாது. நெல், காய்கறி மாதிரிப் பயிர்களுக்கு இரண்டு வருஷம், மா, தென்னை மாதிரி மரங்களுக்கு மூன்று வருஷம் மாறுதல் காலம் என்று விதி. இந்தக் காலத்தில் பெரும்பாலும் விளைச்சல் குறையும். 'ஆர்கானிக்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கவும் முடியாது. வருமானம் இரண்டு பக்கமும் அடிபடும். நிறையப் பேர் மனம் உடைந்து பழைய வழிக்கே திரும்புவது இந்த இடத்தில்தான்.

அதனால், "எல்லாம் நூறு பர்சன்ட் இயற்கைங்க மேடம்!" என்று அடித்துச் சொல்கிறவரைவிட, "ரெண்டாவது வருஷம்தாம்மா ஆகுது, இன்னும் முழுசா மாறலை" என்று சொல்கிறவரை நம்புங்கள். அவரிடம் வாங்குங்கள். அவருக்கு நீங்கள் தேவைப்படுகிற நேரம் அதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உரத்துக்கு என்ன போடறீங்க? பூச்சி வந்தா என்ன செய்வீங்க? பக்கத்து வயல்ல மருந்து அடிச்சா உங்க வயலுக்கு வராதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்க வந்து பார்க்கலாமா?

நிஜமான விவசாயியிடம் இதைக் கேட்டால் அரைமணி நேரம் விடமாட்டார்! பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், வேப்பங்கொட்டைக் கரைசல், வரப்பில் நட்ட ஆமணக்கு என்று கதை நீளும். போன மாதம் அசுவினி வந்து அவரை பாழானதையும் சேர்த்துச் சொல்வார். வெறும் வியாபாரியிடம், "எல்லாம் நல்லதுதாங்க" என்பதற்கு மேல் வார்த்தை வராது.

இன்னொரு சோதனை, பருவம். ஆடிப்பட்டத்தில் விதைத்த மொச்சையும் அவரையும் மார்கழி, தையில் குவியும். நுங்கு கோடைக்கு, பனங்கிழங்கு பொங்கலுக்கு. பன்னிரண்டு மாதமும் எல்லாக் காயும் ஒருவரிடம் இருந்தால், அத்தனையும் அவர் தோட்டத்தில் விளைந்தது இல்லை. மாம்பழமும் அப்படித்தான். சீசனுக்கு முன்பே மஞ்சளாக மின்னினால் உஷார்! கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது.

அரிசிக்கு ஏன் அந்த விலை?

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி... இந்தப் பெயர்கள் மறுபடி நம் சமையலறைக்கு வந்ததில் இரண்டு பேருக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைப் பேசிய நம்மாழ்வார் (2013-ல் மறைந்தார்) ஒருவர். அவர் வழியில் வந்த 'நெல்' ஜெயராமன் (2018-ல் மறைந்தார்) இன்னொருவர். ஜெயராமன், திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இப்படியே விதை பெருகியது!

விலை ஏன் அதிகம்? ஆடுதுறை 36 மாதிரி ரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும். மாப்பிள்ளைச் சம்பா சுமார் 160 நாள் வயலில் நிற்கும். உயரமாக வளர்வதால் காற்று மழைக்குச் சாயும். விளைச்சலும் குறைவு. அந்த விலையில் பாதி, காத்திருப்புக்கான கூலி!

ஆனால், சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும். பாரம்பரியம் என்றாலும் அரிசி அரிசிதான். தீட்டாத அரிசியில் நார்ச்சத்து அதிகம், உண்மை. அதற்காக ரெண்டு தட்டு சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. அதேபோல நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

செக்கு எண்ணெய்க் கணக்கு

மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். உங்கள் ஊரில் கடலைப்பருப்பு என்ன விலை என்று விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், செக்குக் கூலி சேருமே. அந்தக் கணக்குக்கு ரொம்பக் கீழே ஒருவர் விற்றால், அது முழுக்கக் கடலை எண்ணெயா என்று யோசிக்க வேண்டும்.

விலை சரியாக இருந்தாலும் ஒன்று கேளுங்கள்: "கடலையை எப்படிக் காய வைக்கிறீங்க?" ஈரக் கடலையில் பூஞ்சை பிடித்தால் 'அஃப்ளடாக்சின்' என்ற நச்சு உண்டாகும். கல்லீரலுக்குப் பெரிய கெடுதல். செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால், அந்த நச்சு எண்ணெயிலும் தங்கிவிடும். சொத்தைக் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஆட்டுகிறவர் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு பேக்கரி

அடுத்த பிளாக்கில் ஒரு அக்கா பிறந்தநாள் கேக் செய்கிறார், எதிர்வீட்டு மாமி முறுக்கும் பருப்புப் பொடியும் தருகிறார். வாங்குங்கள், தப்பே இல்லை. அவர்களிடமும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். "அக்கா, பதிவு பண்ணிட்டீங்களா?" என்று ஞாபகப்படுத்தினால் அவருக்கும் நல்லதுதான்.

கேக்கில் வெண்ணெயா, மார்கரினா, வனஸ்பதியா? க்ரீம் பாலில் எடுத்ததா, தாவரக் கொழுப்பில் செய்ததா? நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. மாரடைப்புக்கு வழிவிடுகிற கொழுப்பு இது. முறுக்கு என்றால், பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறாரா என்று பாருங்கள்.

'ராகி பிஸ்கட்' என்றால் ராகி எவ்வளவு, மைதா எவ்வளவு? பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் இருந்தால், எது அதிகமோ அது முதலில் இருக்க வேண்டும். முதல் பெயர் மைதாவாக இருந்தால் அது மைதா பிஸ்கட்தான்! வீட்டில் யாருக்காவது முட்டை, வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாது என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். க்ரீம் கேக்கை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

இதை மறக்காதீங்க!

தெரிந்தவர் வீட்டு மாட்டுப் பால்தான் என்றாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் ஒரு வயது முடியாத குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. முட்டை ஓட்டின் நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது. பழுப்பாக இருந்தால் சத்து அதிகம் என்று இல்லை.

நம்ம பக்கத்துக் கடமை

கேள்வி கேட்கிற உரிமை நமக்கு இருக்கிற மாதிரி, கடமையும் இருக்கிறது. கோணல் கேரட்டையும் புழு அரித்த கீரை இலையையும் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்காமல் பில் கட்டிவிட்டு, கீரைக்காரம்மாவிடம் ரெண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். கேக் ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் 'வேண்டாம்' என்றால், அந்த அக்காவின் முட்டையும் வெண்ணெயும் வீண். பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். குறை இருந்தால் ஊர் முழுக்கச் சொல்வதற்கு முன் அவரிடமே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பட்ஜெட் தாங்காது. தினமும் சாப்பிடுகிற பொருளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீரையோ, அரிசியோ, எண்ணெயோ... அதற்கு ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டால், அவருக்கும் ஊரிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவரக் கட்டுப்படியாகும். ஒரு மாதம் வாங்கிவிட்டு விட்டுவிடாமல், ஒரு வருஷம் தொடர்ந்து வாங்குங்கள். 'இவங்க வாங்குவாங்க' என்ற தைரியம் இருந்தால்தான் அடுத்த ஆடிக்கும் அவர் மருந்து அடிக்காமல் விதை போடுவார்.

என்ன, இந்த வாரம் யாரிடம் முதல் கேள்வியைக் கேட்கப் போகிறீர்கள்?